பூஜ்ஜியமா, காலிக் கட்டமா: தேசிய மலேரியா கண்காணிப்பை நடத்தப்போகிறவருக்கு

தேசிய மலேரியா கண்காணிப்புப் பிரிவில் புதிதாகப் பொறுப்பேற்கும் யாரும் முதலில் திறந்து பார்ப்பது பாதிப்பு வரைபடத்தைத்தான். எந்த மாவட்டம் சிவப்பு, எது பச்சை என்று பார்த்துவிட்டுச் சிவப்பிலிருந்து வேலையைத் தொடங்குவார்கள். பல வருடம் அந்த நாற்காலியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பச்சையிலிருந்து தொடங்குங்கள். சிவப்பு மாவட்டத்தில் யாரோ ரத்தம் எடுக்கிறார்கள், பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள், அனுப்புகிறார்கள் என்பதாவது உறுதி. பச்சை மாவட்டத்தில் இந்த நான்கும் நடக்கின்றனவா என்பதே உங்களுக்குத் தெரியாது.

"இல்லை" என்று எழுத வையுங்கள்

ஒரு சுகாதார நிலையத்தில் இந்த வாரம் மலேரியா நோயாளி யாரும் வரவில்லை. அனுப்ப என்ன இருக்கிறது என்று பொறுப்பாளர் படிவம் அனுப்பவில்லை. பக்கத்து நிலையத்தில் டெஸ்ட் கிட் தீர்ந்துவிட்டது. காய்ச்சலோடு வந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்தும் படிவம் இல்லை. மூன்றாவது நிலையத்தில் லேப் டெக்னீசியன் மாறுதலாகிப் போய், புதியவர் இன்னும் வரவில்லை. உங்கள் கணினியில் மூன்றுமே காலிக் கட்டம். மாத இறுதியில் யாரோ கூட்டல் போடுவார், மூன்றும் பூஜ்ஜியமாகிவிடும்.

அதனால் முதல் விதி, நோயாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு ஒரு அறிக்கை வந்தாக வேண்டும். அதில் பாசிட்டிவ் எண்ணிக்கை மட்டும் இருந்தால் போதாது. காய்ச்சலோடு வந்தவர் எத்தனை, பரிசோதித்தது எத்தனை, பாசிட்டிவ் எத்தனை, கையில் கிட் எத்தனை நாளுக்கு இருக்கிறது. இந்த நான்கு எண்களும் சேர்ந்து வரட்டும். 140 பேரைப் பரிசோதித்து ஒருவரும் பாசிட்டிவ் இல்லை என்பது ஒரு செய்தி. யாரையும் பரிசோதிக்காமல் ஒருவரும் பாசிட்டிவ் இல்லை என்பது செய்தியே இல்லை.

வரைபடத்தில் மூன்றாவதாக ஒரு நிறம் சேருங்கள். அறிக்கை வராத இடம் எல்லாம் சாம்பல். இதற்கு மேலிடத்தில் எதிர்ப்பு வரும், எனக்கு வந்தது. பத்திரிகையாளர் சந்திப்பில் காட்டும் படத்தில் சாம்பல் திட்டுகள் இருப்பதை யாரும் விரும்புவதில்லை. விட்டுக்கொடுக்காதீர்கள். மாதாந்திர அறிக்கையின் முதல் பக்கத்தில் நோயாளிகள் எண்ணிக்கைக்கு மேலே, எத்தனை சதவீத நிலையங்கள் அறிக்கை அனுப்பின, அவற்றில் எத்தனை உரிய நாளில் வந்தன என்பதைப் போடுங்கள். அந்த வரியைப் படிக்காமல் கீழே உள்ள எண்ணைப் படிக்க முடியாதபடி இருக்கட்டும்.

இன்னொன்றையும் பொறுப்பேற்ற மாதமே செய்துவிடுங்கள். கண்காணிப்பு சரியாகத் தொடங்கினால் முதல் ஓரிரண்டு வருடம் மலேரியா கூடுவதுபோல் தெரியும். கூடியது நோயல்ல, கண்ணில் படும் பங்கு. இதைச் செயலருக்கும் நிதி தரும் அமைப்புகளுக்கும் எழுத்தில் முன்பே தெரிவியுங்கள். எண் ஏறிய பிறகு சொன்னால் சாக்குப்போக்கு என்பார்கள்.

மூன்று எண்களைச் சேர்த்துப் படியுங்கள்

ஆயிரம் பேருக்கு எத்தனை பாதிப்பு என்ற ஆண்டு விகிதம், மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் பேரின் ரத்தம் பார்க்கப்பட்டது என்ற ஆண்டு ரத்தப் பரிசோதனை விகிதம், பரிசோதித்தவர்களில் எத்தனை சதவீதம் பாசிட்டிவ் என்ற விகிதம். ஒன்றைத் தனியாக நம்பினால் ஏமாறுவீர்கள். பாதிப்பு குறைந்து பரிசோதனையும் பாதியாகியிருந்தால், குறைந்தது நோயா வேலையா என்று கேட்க வேண்டும். பரிசோதனை குறையாமல், பாசிட்டிவ் விகிதமும் சேர்ந்து இறங்கினால் ஓரளவு நம்பலாம்.

ரத்தப் பரிசோதனைக்கு 10 சதவீதம் என்ற பழைய இலக்கு பல நாடுகளில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. மாவட்டத்துக்கு இலக்கு கொடுத்தால் அது எப்படியும் நிறையும். எப்படி நிறைகிறது என்று மாதவாரியாகப் பாருங்கள். கொசு குறைந்த மாதங்களில் பரிசோதனை குவிந்திருந்தால், வருடம் முடிவதற்குள் கணக்கை முடிக்க யாரோ பள்ளிக்கூடத்தில் ஆரோக்கியமான பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விரலைக் குத்தியிருக்கிறார்கள் என்று பொருள். இலக்கை நோய்ப் பருவத்துக்கும் காய்ச்சல் நோயாளிகளுக்கும் கட்டிப்போடுங்கள்.

வகுக்கும் எண்ணிலும் கண் வேண்டும். பழைய மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் கணக்கிடுவதால், கொசுவலை பெற்றவர்கள் ஊர் மக்கள்தொகையை விடக் கூடுதலாக வந்து நிற்கும் மாவட்டங்களைப் பார்த்திருக்கிறேன். மலேரியா அதிகம் தாக்கும் ஆட்கள்தான் அந்தக் கணக்கில் இருப்பதில்லை: காட்டில் மரம் வெட்டுபவர், தங்கம் அரிப்பவர், சாலைப் பணிக்கு வந்து கூடாரம் போட்டவர், எல்லையின் இரு பக்கமும் வீடு உள்ளவர். இவர்களுக்குத் துல்லியமான எண் கிடைக்காது. மாவட்ட ஆட்களை உட்காரவைத்து, எங்கெங்கே முகாம், எந்தப் பருவத்தில், தோராயமாக எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கணக்கெடுப்பை விட அந்தத் தாள் அதிகம் உதவும்.

படிவத்தைச் சுருக்குங்கள்

ஒவ்வொரு நன்கொடை அமைப்பும் வரும்போது ஒரு கட்டத்தைச் சேர்த்துவிட்டுப் போகும். திட்டம் முடியும், கட்டம் நிற்கும். படிவத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, "இதைப் பார்த்து யார், எப்போது, என்ன முடிவெடுப்பார்?" என்று கேளுங்கள். பதில் வராத கட்டத்தை அடித்துவிடுங்கள். வயதுப் பிரிவை ஏழாகப் பிரித்திருப்பார்கள். மருந்தளவுக்கும் அறிக்கைக்கும் அதில் பாதிகூட வேண்டாம்.

மென்பொருள் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. ஓஸ்லோ பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் இலவச மென்பொருளான டிஎச்ஐஎஸ்2 பல நாடுகளில் இருக்கிறது. உங்கள் நாட்டுப் பொதுச் சுகாதாரத் தரவு அதில் ஓடுகிறது என்றால் மலேரியாவையும் அதிலேயே சேருங்கள். மலேரியாவுக்கு மட்டும் தனி மென்பொருள் வாங்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். ஒரே செவிலியர் ஒரே நோயாளியை இரண்டு இடத்தில் பதிய வேண்டி வந்தால், இரண்டில் ஒன்று கற்பனையாகத்தான் இருக்கும்.

தரவைச் சரிபார்க்கக் களத்துக்குப் போகும்போது மூன்று இடத்தில் ஒரே மாதத்தை எண்ணிப் பாருங்கள்: ஆய்வகப் பதிவேடு, நிலையம் அனுப்பிய படிவம், தேசியத் தரவுத்தளம். மூன்றும் ஒத்துப்போனால் நல்லது. பிறகு மருந்து இருப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். 30 பேர் பாசிட்டிவ், 90 பேருக்கான மலேரியா மருந்து செலவாகியிருக்கிறது என்றால், மீதி 60 பேர் யார் என்பதுதான் அன்றைய ஆய்வின் உருப்படியான கேள்வி. பரிசோதிக்காமல் மருந்து தருகிறார்கள், அல்லது பாசிட்டிவ் பதியப்படவில்லை, அல்லது மருந்து வெளியே போகிறது. மூன்றுக்கும் தீர்வு வேறு. போகும்போது அதிகாரக் குரலில் போகாதீர்கள். தண்டனைக்குப் பயந்து திருத்திய பதிவேட்டைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

கண்ணாடிச் சில்லும் டெஸ்ட் கிட்டும்

முழு அமைப்பும் ஒரு லேப் டெக்னீசியனின் கண்ணில் தொங்குகிறது. நன்றாகப் பயிற்சி பெற்றவர், நல்ல ஸ்டெய்ன் (சாயம்), நல்ல மைக்ரோஸ்கோப் மூன்றும் இருந்தால், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 50 ஒட்டுண்ணி இருந்தாலே பிடித்துவிடுவார். களத்தில் அப்படி அமைவது அபூர்வம். ஒரே நாளில் நூறு ஸ்லைடு, அதாவது ரத்தம் பூசிய கண்ணாடிச் சில்லு, பார்க்கச் சொன்னால் அவர் பார்ப்பதுபோல் பாவனைதான் செய்ய முடியும். ரத்தத்தைத் தடிப்பாகப் பூசிய ஸ்லைடில் நூறு புலங்களையாவது, அதாவது மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வைக்குத் தெரியும் வட்டங்களை, பார்த்த பிறகுதான் நெகட்டிவ் என்று எழுத வேண்டும். வேலை நேரத்தை ஒரு ஸ்லைடுக்கு ஆகும் நேரத்தால் வகுத்துப் பார்த்தாலே பொய் கணக்கு வெளியே வந்துவிடும்.

மறுபரிசோதனைக்கு ஸ்லைடு அனுப்பும்போது முதலில் பார்த்தவர் என்ன எழுதினார் என்பது இரண்டாமவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அவர் கையெழுத்து மட்டும்தான் போடுவார். எந்த ஸ்லைடு போக வேண்டும் என்பதையும் ஆய்வகம் தேர்ந்தெடுக்கக்கூடாது. முடிவு இரண்டு வாரத்துக்குள் திரும்பிப் போக வேண்டும். ஆறு மாதம் கழித்து "உன் ஸ்லைடு தவறு" என்று கடிதம் வந்தால் அந்த மனிதர் கற்றுக்கொள்ள அதில் ஒன்றும் இருக்காது.

டெஸ்ட் கிட் வந்த பிறகு இந்தத் தலைவலி தீர்ந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. கிட் பெரிய வரம்தான். மின்சாரம் இல்லாத ஊரிலும் கால் மணி நேரத்தில் பதில் கிடைக்கிறது. ஆனால் அதற்கும் சில குணங்கள் உண்டு. ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி இனத்தைக் காட்டும் பெரும்பாலான கிட்டுகள் எச்ஆர்பி2 என்ற புரதத்தைத் தேடுபவை. சிகிச்சை முடிந்து ஒட்டுண்ணி செத்த பிறகும் அந்தப் புரதம் வாரக்கணக்கில் ரத்தத்தில் கிடக்கும். போன வாரம் மருந்து சாப்பிட்டவர் இந்த வாரம் வேறு காய்ச்சலோடு வந்தால், கிட் அவரைப் புது நோயாளியாகக் காட்டும். "சமீபத்தில் மலேரியா மருந்து எடுத்தாரா?" என்ற ஒரு கட்டம் படிவத்தில் இருந்தால் இந்த இரட்டைக் கணக்கு குறையும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவே இல்லாத ஒட்டுண்ணிகள் பெருவின் அமேசான் பகுதியில் இருப்பது 2010இல் வெளிவந்தது. பிறகு எரித்ரியாவில் அவை பரவலாக இருப்பது தெரியவந்து, அந்த நாடு கிட் வகையையே மாற்ற வேண்டியிருந்தது. இந்த மரபணு நீக்கத்தால் தவறவிடப்படும் நோயாளிகள் 5 சதவீதத்தைத் தாண்டினால் வேறு வகை கிட்டுக்கு மாறச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், கிட் நெகட்டிவ், மைக்ரோஸ்கோப்பில் பாசிட்டிவ் என்று வரும் நோயாளிகளைக் கழிவாகத் தள்ளாமல் தனியே பதிந்து, மாதிரியை மேல் ஆய்வகத்துக்கு அனுப்பும் வழக்கம் இருக்க வேண்டும். கிட் கிடைத்த உற்சாகத்தில் மைக்ரோஸ்கோப்பை அலமாரியில் பூட்டிவிட்ட நாடுகளுக்கு இந்த வழி அடைபட்டுவிடும்.

எந்த இனம் என்பதும் முக்கியம். மலேசியாவில் 2018க்குப் பிறகு மனிதரிடையே மட்டும் பரவும் மலேரியா இனங்கள் உள்ளூரில் தொற்றவில்லை. குரங்கிலிருந்து வரும் நோலெசி மட்டும் ஆயிரக்கணக்கானோருக்கு வந்துகொண்டிருக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் அது 'மலேரியே' என்ற இன்னொரு ஒட்டுண்ணி இனத்தைப்போலவே தெரியும். காட்டோரப் பகுதியிலிருந்து திடீரென்று 'மலேரியே' கூடினால் மூலக்கூறுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

எங்கே படுத்தார் என்று கேளுங்கள்

மாவட்டத் தலைநகர் மருத்துவமனையில் பாதிப்பு குவிவதாக வரைபடம் காட்டும். அந்த நகரத்தில் கொசு மருந்து அடிக்க ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். உண்மையில் நோயாளிகள் எல்லாம் வெகு தொலைவில் உள்ள காட்டு முகாமிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். சிகிச்சை பெற்ற இடம், வீடு இருக்கும் இடம், தொற்றிய இடம் என்று மூன்றுக்கும் மூன்று கட்டம் வேண்டும். மலேரியா கொசுக்களில் பெரும்பாலானவை இரவில் கடிப்பவை. அதனால் "எந்த ஊர்?" என்று கேட்பதை விட "கடந்த ஒரு மாதத்தில் இரவு எங்கெல்லாம் படுத்தீர்கள்?" என்று கேட்பது பலன் தரும். ஃபால்சிபாரம், கொசு கடித்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலாக வெளிவரும். வைவாக்ஸ் என்ற இனம் கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் வரும். வைவாக்ஸ் நோயாளியிடம் முன்பு மலேரியா வந்ததுண்டா, கல்லீரலில் ஒளிந்திருப்பதை அழிக்கும் ப்ரைமாகுயின் மாத்திரையை 14 நாளும் முழுதாகச் சாப்பிட்டாரா என்றும் கேட்க வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவதுதான் மனித சுபாவம்.

பாதிப்பு குறைந்து, ஒவ்வொரு நோயாளியையும் தேடிப் போக முடிகிற நிலை வந்ததும் கடிகாரத்தை வையுங்கள். சீனா வைத்த 1-3-7 எளிது: ஒரு நாளில் தகவல், மூன்று நாளில் நோயாளி பற்றிய விசாரணை, ஏழு நாளில் அந்த இடத்தில் நடவடிக்கை. 2021இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் பெற்றதில் அந்த ஒழுங்குக்குப் பங்குண்டு. ஆனால் அப்படியே நகலெடுக்காதீர்கள். ஆறு தாண்டிப் படகில் போக வேண்டிய ஊருக்கு மூன்று நாள் என்று விதித்தால், விசாரணை மூன்றாம் நாள் அலுவலகத்திலேயே நடந்து முடிந்துவிடும். உங்கள் வண்டி, எரிபொருள், ஆள் இவற்றைக் கணக்கிட்டு உங்கள் எண்ணை வையுங்கள். பரவல் அதிகமுள்ள மாவட்டங்களில் ஒவ்வொரு நோயாளியையும் விசாரிக்கச் சொல்லவே வேண்டாம். அங்கே எண்ணிக்கையும் மருந்தும் கொசுவலையும் போதும்.

விசாரணையின் முடிவில் வகைப்பாடு வரும். உள்நாட்டில் தொற்றியதா, வெளிநாட்டிலிருந்து வந்ததா, வெளியிலிருந்து வந்தவர் மூலம் இங்கே ஒருவருக்குப் பரவியதா, ரத்தம் ஏற்றியதில் வந்ததா, பழையது திரும்பியதா. இங்கேதான் சபலம். நாடு ஒழிப்பை நெருங்க நெருங்க, எல்லாரையும் 'வெளியிலிருந்து வந்தது' என்று எழுதும் ஆசை மாவட்டத்துக்கு மட்டுமல்ல, தலைமையகத்துக்கும் வரும். நாலு மாதத்துக்கு முன்பு எல்லை தாண்டி ஒருநாள் போய் வந்தவரின் ஃபால்சிபாரத்தை அந்தப் பயணத்தின் தலையில் கட்டுவார்கள். மாவட்டம் சொல்லும் வகைப்பாட்டைத் தனியான ஒரு குழு, ஆய்வக ஆளும் பூச்சியியல் ஆளும் உட்பட, கோப்பைப் படித்து உறுதிசெய்யட்டும். சான்றிதழுக்கு மூன்று வருடம் தொடர்ந்து உள்நாட்டுத் தொற்று இல்லை என்று காட்ட வேண்டும். சரிபார்க்க வருபவர்கள் கேட்பதும் இந்தக் கோப்புகளைத்தான்.

வெளியே இருப்பவர்கள்

தனியார் மருத்துவமனை, மருந்துக்கடை, ராணுவம், சிறைச்சாலை, சுரங்க நிறுவனத்தின் சொந்த ஆஸ்பத்திரி. இவர்கள் அறிக்கை அனுப்பச் சட்டம் இருக்கலாம், அனுப்ப மாட்டார்கள். சட்டத்தைக் காட்டிப் பேசினால் வேலை ஆகாது. இலவச கிட், இலவச மருந்து, ஒரு பக்கப் படிவம், எண்ணிக்கையைத் தொலைபேசியிலேயே கேட்டு எழுதிக்கொள்ள ஒரு ஆள், இவை கொடுத்தால் பாதிப் பேர் வருவார்கள். ராணுவத்துக்கு உங்கள் நிலையில் இருப்பவர் கடிதம் எழுதிப் பயனில்லை. அமைச்சகத்திலிருந்து அமைச்சகத்துக்குப் போக வேண்டும்.

எண் வந்த பிறகு

திடீர்ப் பரவலைக் கண்டுபிடிக்க, கடந்த ஐந்து வருடத்தின் அதே வாரங்களை எடுத்து, மேல் கால்மானத்தை, அதாவது அந்த எண்களில் முக்கால் பங்கு எதற்குக் கீழே இருக்கிறதோ அந்த அளவை, கோடாகப் போட்டாலே போதும். பெரும்பரவல் நடந்த வருடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் கோடு உயர்ந்து எச்சரிக்கை வராது. ஏற்கெனவே ஒன்றிரண்டுதான் வரும் மாவட்டத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அங்கே ஒருவர் வந்தாலே எச்சரிக்கை. கோடு தாண்டினால் யார், யாரைக் கூப்பிட வேண்டும், வண்டிக்கு எரிபொருள் எந்தத் தலைப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்பது அதே தாளில் எழுதியிருக்கட்டும். அனுமதி வாங்கும் நாட்களில் கொசு காத்திருக்காது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2016-2030 உத்தி கண்காணிப்பையே ஒரு தலையீடாக, அதாவது மருந்து, கொசுவலைபோல நோயைக் குறைக்கும் ஒரு நடவடிக்கையாக, மாற்றச் சொல்கிறது. நடைமுறையில் இதன் பொருள் சிறியது: மாவட்டம் அனுப்பிய எண், வரைபடமாகவும் நாலு வரிக் குறிப்பாகவும் மாவட்டத்துக்கே திரும்பிப் போக வேண்டும். என் காலத்தில் படிவம் நேரத்துக்கு வர ஆரம்பித்தது சுற்றறிக்கைகளால் இல்லை. அனுப்பிய படிவத்தில் ஒரு எண்ணைப் பற்றி மறுநாள் தொலைபேசியில் கேட்டபோதுதான், இதையெல்லாம் ஒருவர் படிக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்தது.

கொசுவைப் பற்றி ஒரு சொல். பூச்சியியல் பிரிவு கொசு பிடித்து இனம் எழுதி வைத்திருக்கும், அது தனிக் கோப்பில் தூங்கும். நகரத் தொட்டிகளில் வளரும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி என்ற மலேரியா கொசு, கிழக்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் 2012இல் கண்டறியப்பட்டது. அந்த வருடம் அங்கே பாதிப்பு 27. 2020இல் 73,000க்கு மேல். நோயாளி வரைபடத்தின் மேல் கொசு வரைபடத்தை வைத்துப் பார்க்கும் கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும்.

பூஜ்ஜியத்தை எட்டிய பிறகு

இலங்கையில் 1963இல் ஆண்டு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா. கொசு மருந்துத் தெளிப்பு நின்றது, நோயாளிகளைத் தேடுவதும் தளர்ந்தது. 1969இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. இந்தியாவில் 1965 வாக்கில் ஒரு லட்சமாக இருந்தது 1976இல் 64 லட்சம். இலங்கையின் கடைசி உள்நாட்டுத் தொற்று 2012 அக்டோபரில், சான்றிதழ் 2016இல். இந்த முறை அவர்கள் கண்காணிப்பைக் கலைக்கவில்லை. 2018இன் இறுதியில், வெளியிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து உள்ளூரில் பரவிய வைவாக்ஸ் நோயாளியைக் கண்டுபிடித்து, அது அங்கேயே நின்றது.

பூஜ்ஜியத்தில் இருக்கும் மாவட்டத்துக்கு நிதி கேட்பது கடினம். கேட்க வேண்டியவை குறைவுதான். காய்ச்சல் நோயாளியிடம் வெளியூர்ப் பயணம் பற்றிக் கேட்க மருத்துவர்களுக்கு வருடாந்திர நினைவூட்டல். மலேரியாவைக் கண்ணால் பார்த்திராத தலைமுறை அது. லேப் டெக்னீசியன்களின் கண் மழுங்காமலிருக்க, விடை தெரியாத பயிற்சி ஸ்லைடுகள் அவ்வப்போது. எந்நேரமும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி. கடுமையான மலேரியாவுக்கான ஆர்ட்டிசுனேட் ஊசி, மாவட்டத்துக்கு ஒரு இடத்தில். அந்த ஊசி ஒருவருக்கும் போடப்படாமல் காலாவதியாகும், தணிக்கையில் வீண்செலவு என்று எழுதுவார்கள். பதில் குறிப்பைக் கொள்முதல் கோப்பிலேயே முன்கூட்டி வைத்துவிடுங்கள்.